ஒரு குமிழுக்குப் பஞ்சமோ?

ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், நள்ளிரவில், கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் உறுப்பொன்று உடைந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அடுத்து நிகழ்வது என்ன? துரையின் பங்களாவுக்குச் செய்தி பறக்கிறது. களஞ்சிய அறை திறக்கப்படுகிறது. வேண்டிய பாகம் அங்கே இருந்தால் உடனே பொருத்தப்படுகிறது. இல்லையேல் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ வாகனம் விரைகிறது. லேத் பட்டறைக்காரர் படுக்கையிலிருந்து எழுப்பப்படுகிறார். பறித்த கொழுந்து காத்திருக்காதல்லவா? ஆகவே பொழுது விடியுமுன் ரோதை சுழன்றாக வேண்டும். சுழன்றும் விடுகிறது.

அந்தக் கொழுந்தைப் பறித்த தாய் பிரசவ வேதனையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். அவளுடைய தலைமாட்டில், அவளுடைய நாடியையும் மூச்சையும் குருதி அமுக்கத்தையும் காவல் காக்க வேண்டிய கருவியொன்று நிற்கிறது. அதன் உறுப்பொன்று உடைந்துவிடுகிறது. அடுத்து நிகழ்வது என்ன? ஒரு கடிதம் எழுதப்படுகிறது.

கடிதம் மேலிடத்துக்குப் போகிறது. மேலிடம் விளக்கம் கேட்கிறது. விளக்கம் அனுப்பப்படுகிறது. முகவர் நிறுவனத்திடம் விலை வினவப்படுகிறது. அந்த மாதிரிக் கருவி இப்போது செய்யப்படுவதில்லை என்று அவர்கள் பதில் விடுக்கிறார்கள். கோப்பு கட்டப்படுகிறது. கருவி மூலைக்குத் தள்ளப்பட்டு, அதன்மேல் ஒரு துணி போர்த்தப்படுகிறது. தேயிலைக்கு ஒரு நீதி, அதைப் பறித்தவளுக்கு ஒரு நீதியா?

சட்டம் பேச வேண்டியவன் யந்திரம் பேசுகிறானே என்று நண்பர்கள் சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். சட்டம் எங்கே தவறியது என்பதைக் காட்டுவதற்கு முன், யந்திரம் எங்கே உடைகிறது என்பதை அறிந்தாக வேண்டும்.

தாதியரும் வைத்தியர்களும் ‘மொனிட்டர்’ என்று வழங்கும் இக்கருவி, பார்வைக்கு ஒரு சிறிய தொலைக்காட்சிப் பெட்டி. நெஞ்சில் ஒட்டப்படும் கம்பிகள் இதயத் துடிப்பைக் கொண்டுவருகின்றன. விரலைக் கவ்வும் சிறு கவ்வி, குருதியில் ஒட்சிசன் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. செந்நிற ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவும்போது எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று கணக்கிட்டு, ஊசி குத்தாமலே இந்த அளவை அறியும் வழியை 1974இல் உலகுக்குத் தந்தவர் தக்குவோ அவோயாகி என்னும் ஜப்பானியப் பொறியியலாளர். புயத்தில் சுற்றும் பட்டி இருக்கிறதே, அதனுள் காற்றை ஏற்றும் சிறு பம்பியும், காற்றைப் படிப்படியாக இறக்கும் வால்வும் பெட்டிக்குள் இருக்கின்றன. குருதி அமுக்கத்தை அளக்க அவை இன்றியமையாதவை.

இவற்றுள் அடிக்கடி உடைபவை எவை? அவோயாகியின் அறிவு உடைவதில்லை. விரற்கவ்வியின் சுருள்வில் தளர்கிறது. அதன் கீல் முறிகிறது. புயப்பட்டியின் இறப்பர்ப் பை கசிகிறது. குழாயை இணைக்கும் மூட்டு வெடிக்கிறது. பம்பி தேய்கிறது, வால்வில் தூசி அடைகிறது. பற்றரி மடிகிறது. கருவியைத் தாங்கும் தண்டின் சக்கரம் கழல்கிறது. சுவரில் மாட்டும் பிடி உடைந்து கருவியே கீழே விழுகிறது. பல மாதிரிகளில் முகப்பில் ஒரே ஒரு திருகு குமிழ்தான் உண்டு; எந்த அளவு வந்தால் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும் என்பதை அதைத் திருகித்தான் அமைக்க வேண்டும். அந்தக் குமிழ் போனால், படம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் மணியை அமைக்க வழியிராது. பெயர் குறிப்பிட நான் விரும்பாத ஒரு வைத்தியசாலையில், குமிழ் போன தண்டைத் தாதி ஒருவர் குறடு கொண்டு திருகியதை நேரில் கண்டேன். கருவிக்குப் பக்கத்திலேயே, மருந்துத் தட்டில், அந்தக் குறடு முறையாக வைக்கப்பட்டிருந்தது. அந்தத் தாதியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அந்தக் குமிழை வழங்காதவர்களைப் பற்றியே பேச வந்தேன்.

இது ஊவாவுக்கு மட்டும் உரிய நோயன்று. வறிய நாடுகள் பதினாறின் வைத்தியசாலைக் கருவிகளை ஆராய்ந்து பெரியும் மால்கினும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது கருவிகள் செயலற்றுக் கிடந்தன என்று கண்டது. இந்தியாவில் மாநிலந்தோறும் அரசாங்க வைத்தியசாலைகளில் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 13 முதல் 34 வரையான கருவிகள் பழுதாகிக் கிடந்தன. ஆனால் அதே மால்கின் மற்றொருவரோடு சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று நம் அதிகாரிகள் படிக்க வேண்டியது. பழுதென்று ஒதுக்கப்பட்ட கருவிகளில் மூன்றில் இரண்டு பங்கை, சுமார் நூறு அடிப்படைத் திறன்களைப் பயின்ற ஓர் ஊழியரே மீட்டுவிட முடியும் என்பது அதன் முடிவு. குழாய் ஒட்டுதல், மின் இணைப்பைச் சரிபார்த்தல், பற்றரி மாற்றுதல், சிறு யந்திர வேலை ஆகியவையே அத்திறன்கள். நம்முடைய லேத் பட்டறைப் பையன்கள் இவற்றில் பாதியை ஏற்கனவே அறிவார்கள்.

ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளைப் பாருங்கள். ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பேதன்னையில் தோமஸ் லிப்டன் தொழிற்சாலை எழுப்பியது 1890இல். பெல்பாஸ்ட் நகரில் டேவிட்சன் கம்பெனி செய்த ‘சிரோக்கோ’ உலர்த்திகளும், கெயின்ஸ்பரோவில் மார்ஷல் கம்பெனி செய்த உருட்டு இயந்திரங்களும் மலையேறி வந்தன. செய்த கம்பெனிகள் பழைய உருவில் இன்று இல்லை. ஆயினும் அந்தக் காலத்து வார்ப்பில் அமைந்த இயந்திரங்கள் தலைமுறைகள் கடந்து உழைத்தன. எப்படி? உடைந்த பாகத்தை அளந்து, வார்த்து, கடைந்து, பொருத்த இந்நாட்டிலேயே கைகள் இருந்தன. அவ்வாறு செய்யாதே என்று தடுக்கும் பூட்டு எதுவும் அந்த இயந்திரங்களில் இல்லை. தொழிற்சாலை வாசலில் ரோதைமுனிக்குப் பூசை வைத்து, இயந்திரத்தைத் தெய்வமாகவே காத்தவர்கள் நம் மக்கள். முனியின் அருளோடு களஞ்சியத்தில் உதிரிப்பாகமும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவே வேண்டும்.

மொனிட்டரின் கதை வேறு. ஒரு கம்பெனியின் விரற்கவ்வி மறு கம்பெனியின் கருவியில் பொருந்தாது. பொருந்தக் கூடாது என்பதற்காகவே பல சமயம் செருகியின் வடிவம் மாற்றப்படுகிறது. சிலவற்றில் சிறு மின்சில்லு வைத்து, தன் கம்பெனிப் பாகந்தானா என்று கருவியே விசாரிக்கிறது. பழுதுபார்க்கும் கையேடு முகவரிடம் மட்டுமே. உள்ளே நுழையும் கடவுச்சொல்லும் அவரிடம் மட்டுமே. கருவியை மலிவாக விற்று, கவ்வியிலும் பட்டியிலும் ஆண்டுதோறும் காசு பறிக்கும் வாணிகம் இது. ஆட்டை விற்றவன் கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொண்ட கதைதான்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? பிரித்தானியாவில் லேலண்ட் மோட்டார் கம்பெனி, தன் காருக்குப் புகைக்குழாய் செய்து விற்ற ஆம்ஸ்ட்ரோங் கம்பெனிமீது வழக்குத் தொடுத்தது. வரைபடத்தின் பதிப்புரிமை எங்களுடையது, எங்கள் அனுமதியின்றிக் குழாய் செய்யலாகாது என்பது வாதம். 1986இல் பிரபுக்கள் சபை அந்த வாதத்தைத் தள்ளியது. காரை வாங்கியவனுக்கு அதைப் பழுதுபார்த்து ஓட்டும் உரிமை உண்டு. அந்த உரிமையை விற்றவனே பின்னர் குலைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 1997இல் அச்சு இயந்திர மைப்பெட்டி வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் இத்தத்துவத்தின் எல்லையைக் குறுக்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தீர்ந்துபோகும் பொருளை மாற்றுவது வேறு, பழுதுபார்ப்பது வேறு என்று அங்கே பிரித்துப் பேசப்பட்டது. ஆனால் உடைந்த கீலும் கழன்ற சக்கரமும் எந்தப் பக்கத்தைச் சேரும் என்பதில் ஐயம் உண்டோ? முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேகூட, மருத்துவக் கருவியின் மென்பொருட் பூட்டைப் பழுதுபார்ப்பதற்காகத் திறக்கலாம் என்று 2021 ஒக்டோபரில் பதிப்புரிமை விதிவிலக்கு வழங்கப்பட்டது. கருவி செய்வோர் சங்கங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் ஏறின. அவ்வழக்கைக் கேட்கலாம் என்று 2024இல் மேன்முறையீட்டு மன்றம் அனுமதியும் அளித்தது. பணக்கார நாட்டு வைத்தியசாலைகளே இதற்காகப் போராட வேண்டியிருக்கிறது என்றால், பசறையும் லுணுகலையும் எம்மாத்திரம்!

நம் நாட்டில் இந்தக் குறை எவ்வளவு ஆழமானது என்பதை 2022 காட்டிக்கொடுத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசாங்கம் கைவிரித்தது. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் முந்நூற்று அறுபதை எட்டியது. பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்தின்மையால் வழக்கமான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. பச்சிளங் குழந்தைகளின் மூச்சுக்குழாய்களைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் நிலை வந்ததை வைத்தியர்களே பகிரங்கமாகச் சொன்னார்கள். மருந்தில்லாத செய்தி பத்திரிகையில் வந்தது, நாடு பதறியது. குமிழும் வால்வும் இல்லாத செய்தியை யார் எழுதினார்கள்? மருந்துத் தட்டு வெறுமையாய் இருப்பது கண்ணுக்குத் தெரியும். மொனிட்டரோ நின்ற இடத்தில் நிற்கும். கணக்கேட்டில் ‘ஒன்று’ என்று எழுதியிருக்கும். பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டால், அந்த ‘ஒன்று’ மந்திரியின் பதிலிலும் இடம்பெறும்.

‘பஞ்சம் எல்லோருக்குந்தானே, ஊவாவுக்கு மட்டுமா?’ என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே, பதிலும் உண்டு. கொழும்பில் ஒரு வார்ட்டில் கருவி நின்றால், அடுத்த வைத்தியசாலை கூப்பிடு தூரம். முகவர் நிறுவனமும் அங்கேயே; சுகாதார அமைச்சின் உயிர்மருத்துவப் பொறியியற் பிரிவும் அங்கேயே. பதுளையிலிருந்து கொழும்பு இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால். மடூல்சீமையிலிருந்தோ பூனாகலையிலிருந்தோ பதுளைக்கு வருவதே ஒரு பயணம். தோட்டத்து டிஸ்பென்சரியில் தொடங்கி, லொறியிலோ 1990 அம்புலன்சிலோ வளைவு வளைவாக இறங்கி வந்து சேரும் நோயாளிக்கு, இங்கே கருவியில்லை, கண்டிக்குக் கொண்டுபோ என்று சொல்வது சிகிச்சையா? 2021 மார்ச் 20ஆம் தேதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் உருண்டது. 2025 செப்டெம்பர் 4ஆம் தேதி எல்ல – வெல்லவாய பாதையில் மற்றொரு பஸ் உருண்டது. இரண்டிலும் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர் ஒரே வேளையில் வைத்தியசாலைகளுக்கு வந்து குவிந்தனர். அப்படிப்பட்ட இரவில் வேண்டியது ஒரு மொனிட்டர் அன்று, ஒருங்கே பல. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைகளைச் சரித்துப் பாதைகளைத் துண்டித்தபோது, கண்டிக்குக் கொண்டுபோ என்ற சொல்லுக்கே பொருளில்லாமற் போயிற்று. மலை மூடிக்கொண்டால் ஊவாவுக்கு ஊவாவே துணை. ஆகவே உதிரிப்பாகம் கொழும்பில் இருப்பது போதாது. பதுளையில் இருக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்று தேடப் போனால் மூன்று வாசல்கள் தெரிகின்றன. பதுளைப் பெரிய ஆஸ்பத்திரி மத்திய அமைச்சின் கீழ். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின், சிறிய வைத்தியசாலைகள் பல மாகாண நிருவாகத்தின் கீழ். தோட்டத்து டிஸ்பென்சரி தோட்டக் கம்பெனியின் கீழ். ஊவா மாகாண சபையின் ஆயுள் 2019இல் முடிந்த பின்னர், ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கேள்வி கேட்க அங்கத்தவரும் இல்லை, பதில் சொல்ல அமைச்சரும் இல்லை. நோயாளி மூன்று வாசலையும் கடந்துதான் வருகிறாள். உதிரிப்பாகமோ ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குப் போவதில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தை நாம் போற்றுவதற்கில்லை. ஆயினும் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் வெட்கம் வருகிறது. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. 1912இல் வந்த 9ஆம் இலக்கச் சட்டம், தோட்டத்தில் நோயுற்றோர் யாரென அறிந்து உடன் நிவாரணத்துக்கு வழிசெய்யும் கடமையைத் துரையின் தலையிலேயே சுமத்தியது. அதை எவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றினார்கள் என்பது வேறு விஷயம்; ஆனால் கடமை இன்னாருடையது என்று எழுதப்பட்டிருந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் படிப்படியாக அவ்வுரிமையை மீட்டு, முழுப் பிரஜைகளாக நிற்கும் மக்களுக்கு, பழுதான கருவிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை! நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதார உரிமை என்று ஒன்று தனியாக எழுதப்படவில்லை என்பதும் உண்மையே. எழுதப்பட வேண்டும். அதுவரை குமிழ் காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கேள்விப்பத்திரத்திலேயே காரியம் முடியும். கருவியின் விலையை மட்டும் பார்த்துக் குறைந்த விலைக்காரனைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை விட்டு, பத்தாண்டுகளுக்கு உதிரிப்பாகம் தருவேன், அவற்றின் விலைப்பட்டியல் இது, பழுதுபார்க்கும் கையேடும் கடவுச்சொல்லும் வைத்தியசாலையிடமே இருக்கும் என்று கையெழுத்திடுபவனிடமே வாங்க வேண்டும். ஒரே வார்டில் ஐந்து கம்பெனிக் கருவிகளை நிறுத்தி, ஐந்து வகைப் பட்டிக்கு அலைவதை ஒழிக்க வேண்டும். இந்தியாவில் 2015இல் தொடங்கிய பராமரிப்புத் திட்டத்தில், மாவட்ட வைத்தியசாலைகளின் கருவிகள் நூற்றுக்கு 95 பங்கு காலம் இயங்கு நிலையில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. கிராம ஆரம்ப நிலையத்துக்குக்கூட 80 பங்கு. நமக்கு மட்டும் அது எட்டாக்கனியா?

எல்லாப் பாகத்தையும் பதுளையில் கடைந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சக்கரம், கைப்பிடி, சுவர்ப் பிடி, குமிழ், பற்றரி மூடி இவற்றை உள்ளூரிலேயே செய்யலாம். பம்பியும் வால்வும் பொருத்தியபின் அளவுக் கருவி கொண்டு சோதித்தே நோயாளியிடம் விட வேண்டும். விரற்கவ்வியில் போலி கூடவே கூடாது. மூச்சுத் திணறும் குழந்தைக்கு 97 என்று காட்டும் பொய்க்கவ்வியைவிடக் கவ்வி இல்லாமையே மேல், ஏனெனில் அப்போது தாதியாவது குழந்தையின் உதட்டைப் பார்ப்பார். புயப்பட்டியிலும் அப்படியே: கைக்குச் சிறிதான பட்டி அமுக்கத்தைக் கூட்டிக் காட்டும். அளவான பட்டி இல்லையென்று கிடைத்ததைச் சுற்றினால், இல்லாத நோய் உண்டாகும். இந்தப் பாகுபாட்டை அறிந்த இரண்டு நுட்பவியலாளரும், ஒரு சிறு பட்டறையும், ஒரு பூட்டிய களஞ்சியமும் பதுளையில் இருந்தால் போதும். ஆள் பயிற்ற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 முதல் பதுளையிலேயே இருக்கிறது.

கடல் கடந்து வாழும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். நன்கொடையாக மொனிட்டர் அனுப்புகிறீர்கள். மாலையும் படமும் பத்திரிகைச் செய்தியும் உண்டு. உதிரிப்பாகமும் கையேடும் இல்லாத கருவியை அனுப்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே நன்கொடையாளருக்கு வழிமுறை வகுத்திருக்கிறது. அடுத்த முறை இருபது புயப்பட்டியும் ஐம்பது விரற்கவ்வியும் பத்துப் பற்றரியும் அனுப்புங்கள். படத்தில் அவை அழகாக இருக்கமாட்டா, அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி, தோட்டக் கிளைகளில் உள்ள தோழர்களுக்கு. ஆர்ப்பாட்டத்துக்கு முன் கணக்கு வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும், தகவல் உத்தியோகத்தர் அதை எழுத்தில் பதிய வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அவருக்கு உரிமையில்லை. தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாள்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டதாயின் நாற்பத்தெட்டு மணி நேரமே தவணை. கட்டிலில் கிடக்கும் ஒரு நோயாளிக்காகக் கேட்கும்போது இந்தப் பிரிவை நீங்கள் துணிந்து காட்டலாம், பொதுக் கணக்குக்கு அது பொருந்தாது. பதில் வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு; அதன்பின் கொழும்பிலுள்ள ஆணைக்குழு.

கேட்க வேண்டியவை இவ்வளவே: இவ்வைத்தியசாலையில் நோயாளர் கண்காணிப்புக் கருவிகள் எத்தனை, இன்று இயங்குபவை எத்தனை, இயங்காத ஒவ்வொன்றும் எந்தத் தேதி முதல், எந்தப் பாகம் இன்றி நிற்கிறது, அந்தப் பாகத்துக்கு எழுதிய கடிதத்தின் தேதி என்ன, வந்த பதில் என்ன. பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை, வெலிமடை ஆகிய ஒவ்வோர் இடத்திலிருந்தும், தத்தம் வைத்தியசாலைக்குத் தனித்தனியே ஒரு மனு போகட்டும். பதில்களைத் தேதி வாரியாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சுக்கும் கொள்வனவு ஆணைக்குழுவுக்கும், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கும் நாம் கொண்டுபோகப் போவது அந்தக் கட்டைத்தான்.